ஈ ஓட்டும் உத்தியோகம்

வியாபாரம் இல்லாதவரைத்தான் ‘ஈ ஓட்டுகிறார்’ என்று கேலி செய்வார்கள். எனக்குச் சம்பளமே அதற்குத்தான். ஜார்ஜ் டவுனில் எங்கள் அடுக்குமாடியின் பின்னால் ஒரு சின்னத் தோட்டம், அதில் காய்கறித் தோலை உரமாக்கும் பெரிய தொட்டி. புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வந்தபின், இந்த வயதில் என்னை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. தொட்டியில் ஈ வராமல் பார்த்துக்கொள்ளக் குடியிருப்பின் நிர்வாகக் குழு என்னை வைத்தது. வந்த முதல் மாதமே ஈ மொய்த்தது. “ஈ போகலைன்னா நீங்க போகணும்” என்று சொல்லிவிட்டார்கள். உரத்தொட்டி வைத்து அவதிப்படும் சொந்தங்களே, உங்களுக்காவது என் வயிற்றெரிச்சல் புரியும்.

காய்ந்ததிலும் காய்ந்தது

ஈரத் தோலை அப்படியே விட்டால் ஈ முட்டை வைக்கும். மேலே சருகு போட்டு மூட வேண்டும். நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னதோ, “தோல் போட்டா மேல காய்ஞ்சதைப் போடுங்க” என்று. சருகு என்ற சொல் வாயில் வரவில்லை, என் தலையெழுத்து.

இரண்டு நாளில் ஈ இரட்டிப்பானது, பூனைகளும் சேர்ந்துகொண்டன. மூக்கைப் பொத்திக்கொண்டு கிளறினால், உள்ளே கருவாடு! வீட்டில் புழு வைத்துப்போனதை மூன்றாம் மாடி மேரி அக்கா பக்குவமாகப் பரப்பியிருக்கிறார். போய்க் கேட்டேன். அவருக்குத்தான் வருத்தம். “நீதானே காய்ஞ்சது கேட்டே? இதைவிடக் காய்ஞ்சது பாசார்லயே கிடையாது லா!”

விருந்தாளிகள்

வினிகரில் சீனி கலந்து போத்தலில் ஊற்றித் தொங்கவிட்டால் ஈ உள்ளே விழுந்து சாகும் என்று கைப்பேசியில் ஒரு காணொளி சொன்னது. தொங்கவிட்டேன். நாலு ஈ விழுந்தது. மற்றதெல்லாம் வாசனை பிடித்து வந்து, இடமில்லாமல் கீழ்வீட்டு ஜன்னலுக்குள் போனது.

அது கனி அண்ணன் வீடு. சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். அன்றைக்குப் பார்த்து அவர் மகளைப் பெண் பார்க்க செபராங் ஜெயாவிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். தேநீர்க் கோப்பையைக் கையால் மூடியபடியே பேசிவிட்டுக் கிளம்பினார்களாம். மன்னிப்புக் கேட்கப் போனேன். அண்ணன் திட்டவேயில்லை. திட்டியிருந்தால் தேவலை. “பரவால்ல தங்கச்சி. என் கடைக்கே இவ்ளோ கூட்டம் வந்ததில்லே.” மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

ஒன்றுகூட இல்லை

அதற்குப் பிறகு யாரையும் நம்பவில்லை. மூடிக்குப் பூட்டுப் போட்டேன். தோலை வீடு வீடாக நானே வாங்கி வந்து, ஆழமாகப் புதைத்து, தச்சுக்கடை மரத்தூளைக் கனமாகக் கொட்டினேன். சட்டையில் அடிக்கும் நாற்றத்தால் பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஆனால் ஈ குறைந்தது, பிறகு அடியோடு நின்றது. கனி அண்ணன் ஜன்னலைத் திறந்து வைத்தார்.

குழுவின் செயலாளர் சேகர் தம்பி சோதிக்க வந்தபோது நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு நின்றேன். மூடியைத் திறந்தார், குனிந்து முகர்ந்தார், சிரித்தார். வேலை பிழைத்தது என்று நானும் சிரித்தேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “சூப்பர் அக்கா, ஒரு ஈகூட இல்லை! அப்போ இனிமே ஈ வெரட்ட ஆளு எதுக்கு லா?”

ஈ இருந்தவரை எனக்கு உத்தியோகம் இருந்தது. இப்போதுதான், ஊர் சொல்கிற அர்த்தத்தில், வீட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.