மோமோவுக்குத் தொட்டுக்கொள்ள ஊர்ப்பேச்சு

சோற்றுக்கடை வைத்தவளுக்கு அடுப்புச் சூடு பழகிவிடும். சாப்பிட்டு முடித்துக் கைகழுவும்போது ஆட்கள் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தை மட்டும் பழகவே பழகாது. கடை வைத்திருப்பவர்கள், மெஸ் நடத்துபவர்கள், வீட்டில் கூட்டத்துக்கே ஆக்கிப்போட்டுவிட்டு ‘உப்பு தூக்கல்’ என்று பேச்சு வாங்கியவர்கள், எல்லோரும் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

நான் செல்வி. மூணாறில் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, கருவாட்டுக் குழம்பு தின்று வளர்ந்தவள். ஒரு ரிசார்ட்டின் ஸ்டாஃப் மெஸ்ஸில் பல வருஷம் சமைத்தேன். அங்கே வேலை பார்த்த பிள்ளைகளில் பாதிப் பேர் நேபாளம், டார்ஜிலிங், சிக்கிம். சாம்பாரைப் பார்த்தாலே அதுகளுக்கு முகம் சுண்டிப்போகும். பாவமாக இருக்கிறதே என்று ஒவ்வொருவரிடமும் அவரவர் வீட்டுச் சாப்பாட்டைக் கேட்டுக் கேட்டுச் செய்ய ஆரம்பித்தேன். குடகுப் பக்கத்துத் திபெத்தியக் குடியிருப்பிலிருந்து வந்த பேக்கரிக்காரர் ஒருவர், ஆவியில் வேகவைக்கிற திங்மோ ரொட்டியை மடிக்கச் சொல்லிக்கொடுத்தார். போகப் போக எனக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. மழை ஊற்றுகிற சாயங்காலம் கோழி எலும்புச் சாற்றில் நூடுல்ஸும் கீரையும் போட்டு, மேலே பூண்டைப் பொரித்துக் கொட்டிய துக்பாவை ஒரு கிண்ணம் குடித்துப் பாருங்கள். மூக்கு ஒழுகும், கண் ஒழுகும், மனசு மட்டும் நேராகிவிடும்.

அந்தப் பைத்தியத்தில்தான் வேலையை விட்டுவிட்டு, தம்பி குமாரையும் அவன் மனைவி பிமலாவையும் சேர்த்துக்கொண்டு நான்கு மேசை போட்டு, நேபாள மோமோ, துக்பா என்று போர்டு எழுதிக் கடை திறந்தேன். சந்தோஷமாகத்தான் திறந்தேன்.

மூஞ்சிச் சமையல்

பிமலாவுக்கு ஊர் நேபாளத்தில் இலாம் பக்கம். அங்கேயும் தேயிலைத் தோட்டம்தான். நான் இருந்த ரிசார்ட்டில் ரிசப்ஷனில் இருந்தாள். அங்கே சாமான் இறக்க வந்த என் தம்பியைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒன்று உண்டு. கெட்டிக்காரி. நாலு பாஷை பேசுவாள். ஆனால் அடுப்பைக் கண்டால் அவளுக்கு ஆகாது. டீ போடச் சொன்னால்கூட பாலைப் பொங்கவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதனால் கல்லா அவளுக்கு, அடுப்பு எனக்கு.

இது வாடிக்கையாளர்களுக்குத் தெரியுமா? கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அந்த ஆள் கல்லாவில் பிமலாவைப் பார்த்ததும், “சூப்பர், அசல் நேபாளக் கடை” என்று நாற்காலியிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தார். மோமோ கொண்டுபோனேன். நான்தான் செய்தேன் என்று தெரிந்ததும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். அவளே செய்து தரட்டுமாம், காத்திருக்கிறாராம். அவளுக்குச் சமைக்கத் தெரியாதுங்க, நான்தான் இத்தனை வருஷமாக நேபாளப் பிள்ளைகளுக்கே ஆக்கிப்போட்டேன் என்று விளக்கினேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்:

“தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கு இட்லிதானுங்க ஞாபகம் வருது.”

காய்ச்சல் வந்த அன்று

ஒருநாள் எனக்கு எழுந்திருக்க முடியாத காய்ச்சல். கடையைச் சாத்த மனசில்லாமல் பிமலா தானே மோமோ பிடித்திருக்கிறாள். கோஸைத் துருவி உப்புப் போட்டுப் பிசைந்து, தண்ணீரை ஒட்டப் பிழிந்துவிட வேண்டும். அவள் பிழியவில்லை. மாவை அப்பளம் போல மெல்லிசாகத் தேய்க்க வேண்டும். அவள் சப்பாத்தி போலத் தேய்த்திருக்கிறாள். பாதி ஆவிச்சட்டியிலேயே வாய் பிளந்துவிட்டது. மீதி, நடுவில் மாவு வேகாமல் கல் மாதிரி இருந்தது. தக்காளியைச் சுட்டு எள்ளோடு அரைக்கிற சட்னியில், நாக்கு மரத்துப்போகிற தீமூர் மிளகை ஒரு கையளவு கொட்டியிருக்கிறாள். சாயங்காலம் எனக்கு ஒன்று கொண்டுவந்து தந்தாள். காய்ச்சல் வாய்க்கே அது பிடிக்கவில்லை. அவளே துப்பிவிட்டாள்.

பாலக்காட்டிலிருந்து மாற்றலாகி வந்த பேங்க்காரர் ஒருவர் எங்களுக்கு வாடிக்கை. கோஸ் மோமோ மட்டும் சாப்பிடுவார். ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, கல்லாவில் நின்று பிமலாவைப் பாராட்டித் தள்ளியிருக்கிறார். அவள் அதை அப்படியே எனக்குச் சொல்லிக்காட்டியபோது காய்ச்சல் இன்னும் ஏறியது:

“இன்னிக்குத்தான் ஒரிஜினல், கேட்டேளா! அந்த அம்மா பண்றது நம்மாத்துக் கொழுக்கட்டை மாதிரின்னா இருக்கும்.”

மொட்டை மாடி

குந்த்ருக் என்று ஒன்று உண்டு. முள்ளங்கிக் கீரையை வாடவிட்டுக் கசக்கி, ஜாடியில் அழுத்தி அடைத்துப் புளிக்கவைத்து, பிறகு வெயிலில் காயவைப்பது. உருளைக்கிழங்கும் சோயா பயறும் போட்டுக் கொதிக்கவிட்டால் அந்தப் புளிப்புக்குச் சோறு தானாக இறங்கும். பக்கத்து மலைக்கிராமம் வட்டவடையிலிருந்து வருகிற முள்ளங்கியின் கீரையைச் சந்தையில் மாட்டுக்குத்தான் போடுவார்கள். நான் மூட்டையாகக் கேட்டு வாங்கிவருவேன். மூணாறில் வெயில் எப்போது அடிக்கும், எப்போது மூடும் என்று யாருக்கும் தெரியாது. அடித்த வெயிலில் மாடியில் பாயை விரித்துக் கீரையைப் பரப்பிவிட்டு வந்தேன்.

திரும்பிப் போய்ப் பார்த்தால், பக்கத்துக் கட்டடத்தில் ஹோம்ஸ்டே நடத்துகிற பாபு அண்ணன் அவர் மாடியில் நின்றுகொண்டு, செடிக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸை என் பாயின் மேல் பிடித்திருக்கிறார். அத்தனை கீரையும் சொதசொதவென்று கிடக்கிறது. நாற்றம் தாங்காமல் தங்கியிருந்த கெஸ்ட்டுகள் ரூமைக் காலி செய்துவிட்டார்களாம். அதைச் சொல்கிற மனுஷனுக்குப் பின்னால், அதே மாடியில், கொடியில் வாளையும் முறத்தில் நெத்திலியும் காய்ந்துகொண்டிருக்கின்றன. ஈ மொய்க்கிறது. நான் அதைக் கையால் காட்டினேன். வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயந்து, காட்டத்தான் செய்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார்:

“செல்வி, உணக்கமீன் நம்ம நாத்தம். இது ஆரோட நாத்தம்னு நமக்குத் தெரிய வேண்டாமா?”

வீடியோக்காரர்

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடக்கூடியது. இது அப்படியில்லை.

சாப்பாட்டுக் கடைகளைப் படம்பிடித்துப் போடுகிற ஒருவர் வந்தார். கோழி மோமோ சாப்பிட்டார். ஓரத்தைக் கடித்து உள்ளே இருக்கிற சாற்றை உறிஞ்சி, “அடடா” என்றார். எனக்கும் மனசு குளிர்ந்துவிட்டது. துக்பாவும் கொண்டுவந்து வைத்தேன். கிளம்புகிற நேரத்தில் கேமராவைப் பிமலா பக்கம் திருப்பி, சிரித்துக்கொண்டே, “உங்க ஊர்ல நாய்க்கறிலாம் சாப்பிடுவாங்கல்ல? இங்கயும் கிடைக்குமா?” என்றார். பிமலா சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீடியோவில் ‘அடடா’ இல்லை. துக்பா இல்லை. மூணாறில் என்ன கறி போடுகிறார்கள் பாருங்கள் என்று ஒரு தலைப்பு; அதற்குக் கீழே பிமலாவின் முகம். அந்த வாரமே மேசைகள் காலியாகிவிட்டன. தெரிந்தவர்களிடம் விசாரித்து அவர் நம்பரைக் கண்டுபிடித்துப் பேசினேன். தம்பி, நீங்க சாப்பிட்டது கோழி, உங்களுக்கே தெரியும், அதை எடுத்துடுங்க என்று கெஞ்சினேன். கெஞ்சினேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. அவர் ரொம்பப் பொறுமையாகப் பதில் சொன்னார்:

“அக்கா, நான் கேள்விதானே கேட்டேன்? பதில் சொல்லாம நின்னது அவங்கதானே?”

ஜீப் ஸ்டாண்டு

மூணாறில் டூரிஸ்ட் எங்கே சாப்பிட வேண்டும் என்று முடிவு செய்வது ஜீப் டிரைவர்கள்தான். வீடியோவுக்குப் பிறகு ஒரு ஜீப்கூட எங்கள் வாசலில் நிற்கவில்லை. அருள் என்கிற டிரைவரின் வண்டி மட்டும் கொஞ்சம் வேகத்தைக் குறைக்கும், அப்புறம் போய்விடும். இந்த அருள் மழைக்காலம் முழுக்க என் கடையில் துக்பா குடித்தவன். சளி பிடித்தால் கூடக் கொஞ்சம் இஞ்சி போட்டுக் கொடுப்பேன்.

நேராக ஸ்டாண்டுக்குப் போனேன். அத்தனை டிரைவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, “ஏலே, எங் கையால வாங்கிக் குடிச்சியே, அது என்ன கறின்னு இப்பச் சொல்லு” என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பி வண்டிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் என்னைத் தனியாக ஓரத்துக்குக் கூப்பிட்டு, யார் காதிலும் விழாத மாதிரி சொன்னான்:

“கோழின்னு எனக்குத் தெரியும்க்கா. அத நான் எதுக்கு டூரிஸ்ட்டுக்கிட்டச் சொல்லி வம்புல மாட்டணும்?”

குலைத்தவர்கள்

ஒரு மத்தியானம் மலைக்குக் கீழேயிருந்து பைக்கில் வந்த ஐந்தாறு பையன்கள் கடைக்கு எதிரே நிறுத்தினார்கள். உள்ளே வரவில்லை. ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் பிமலாவைப் பார்த்து, “வவ், வவ்” என்று குலைத்தார்கள். சுற்றியிருந்த கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றிரண்டு பேர் சிரிக்கவும் சிரித்தார்கள். நான் கொதிக்கிற சூப்போடு கரண்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். ஊற்றியிருப்பேன், சத்தியமாக ஊற்றியிருப்பேன். பிமலா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தானே ரோட்டில் இறங்கினாள்.

“யாருல அது குலைக்கிறது?” என்றாள். “முன்னால வால! உங்க வீட்டுக்கு வெளியூர்லேருந்து ஒரு மருமக வந்தா, அவ வாசல்ல நின்னும் இப்படித்தான் குலைப்பியளா? நான் குமாரு பொண்டாட்டி. இந்த ஊரு ரேஷன் அரிசி திங்கிறவ. எம்பிள்ள இங்கன உள்ள பள்ளிக்கூடத்துலதான் படிக்கிது. என்ன கறின்னு தெரியணுமா? வா, கறிக்கடைக்குக் கூட்டிட்டுப் போறேன். கோழியக் கூண்டுலருந்து இறக்கி நீயே கேளு, நீ நாயா கோழியான்னு! வெக்கங்கெட்ட பயலுவளா, பெட்ரோலுக்கு அப்பன்கிட்டக் காசு வாங்கிட்டு வந்து பொம்பளப் பிள்ளையப் பாத்துக் குலைக்கிறதுக்கா மலையேறி வந்திய?”

எங்கள் லயத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குக்கூட இவ்வளவு சுத்தமாகத் திட்ட வராது. பையன்கள் திகைத்துப்போனார்கள். வெட்கமோ பயமோ என்று நினைத்தேன். போனைப் பிடித்திருந்தவன் பக்கத்தில் இருப்பவனை இடித்துக்கொண்டு, அதிசயத்தைக் கண்டது போலக் கத்தினான்:

“டேய், இது தமிழ் பேசுதுடா!”

போர்டு

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு பிமலாவுக்கு இறங்கவில்லை. மறுநாள் காலையில் குமார் பெயின்டரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். போர்டை அழித்துவிட்டுப் பரோட்டா ஸ்டால் என்று எழுதப்போகிறானாம். “எதுக்குக்கா இந்த அசிங்கமெல்லாம்? ஊரோட ஒத்துப்போவோம்” என்றான். நான் கத்தினேன். அவன் கத்தினான். பிமலா யாரிடமும் எதுவும் கேட்காமல் போய்ப் பெயின்டரின் ஏணியைத் தூக்கிக் கடைக்குள் போட்டுவிட்டு, கல்லாவில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த நேரத்தில்தான் தேயிலை ஃபாக்டரியில் ஷிஃப்ட் முடிந்து ஏழெட்டுப் பெண்கள் ஸ்வெட்டரும் தலைத்துண்டுமாக உள்ளே வந்தார்கள். எங்கள் லயத்து ஆட்கள். இத்தனை காலமும் கடைப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள். சும்மா உட்காரக் கூடாதே என்று மோமோ கேட்டார்கள். முதல் தட்டை முகர்ந்து பார்த்துச் சாப்பிட்டார்கள். அடுத்த தட்டை அவர்களே கேட்டார்கள். ஒருத்தி சட்னியை விரலால் வழித்து நக்கினாள். வீட்டுக்கு ரெண்டு பொட்டலமும் கட்டச் சொன்னார்கள். பரவாயில்லை, கைப்பக்குவம் கடைசியில் ஜெயித்துவிட்டது என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர்கள் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர்களில் மூத்தவள் கல்லாப் பக்கம் கண்ணைக் காட்டி, என் காதோரமாகச் சொன்னாள்:

“சாப்பாடு நல்லாத்தான் இருக்கு தாயி. அந்தப் பிள்ளைய ஒருக்கா திட்டச் சொல்லேன், கேட்டுட்டுப் போறோம்.”

போர்டு இன்னும் அப்படியே இருக்கிறது, மேசைகளும் நிறைகின்றன. ஆனால் நான் தேய்த்ததும் மடித்ததும் புளிக்கவைத்ததும் கொண்டுவராத கூட்டத்தை, ஒரு பைசா செலவில்லாமல் நடுரோட்டில் நின்று பிமலா கொடுத்த அந்த வசவு, அந்தப் பையன்கள் எடுத்த வீடியோவிலேயே ஊரெல்லாம் பரவி, கொண்டுவந்துவிட்டது.