இஞ்ஞாசிமுத்துவின் முகம்

ராயப்பன்பட்டி வியாகுலமேரிக்குப் புருஷன் முகம் மறந்துவிட்டது. வெளியே சொன்னால் ஊர் காறித் துப்பும் என்று ஐந்து வருஷமாக மனசுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தாள்.

இஞ்ஞாசிமுத்து மலைமேல் பெரியாற்றில் வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய அணைக்குக் கூலி வேலைக்குப் போனவன். காட்டுக் காய்ச்சல் கொண்டுபோக, அங்கேயே புதைத்துவிட்டார்கள். அப்போது மகள் ஞானசெல்வி வயிற்றில்.

அவன் இருமல் அவளுக்கு நினைவிருந்தது. தலைத்துண்டின் வியர்வை வாடை, கம்பங்கூழை உறிஞ்சும் சத்தம் எல்லாம் இருந்தது. கண்ணை மூடி முகத்தைத் தேடினால் மட்டும் கோயில் உபதேசியார் முகம் வரும், வண்டிக்காரன் முகம் வரும். தேடத் தேட அவன் முகம் இன்னும் தள்ளிப் போகும்.

மறக்காமல் என்ன செய்யும்? பெரியவர்கள் முன்னால் புருஷனை நிமிர்ந்து பார்ப்பவள் அடங்காப்பிடாரி என்று சட்டம் வைத்திருந்த ஊர். ஒற்றை அறை வீடு, எந்நேரமும் யாராவது இருப்பார்கள். குடித்தனம் நடத்திய கொஞ்ச காலமும் தலையைக் குனிந்தே கழித்தாள். பார்க்காததை மனசு எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்? சட்டம் போட்ட மகராசர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நாத்தனார் செபஸ்தியம்மாள் இருக்கிறாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அவளிடமாவது அந்த முகம் பத்திரமாக இருக்கும் என்பதுதான் வியாகுலமேரிக்கு இருந்த ஒரே ஆறுதல்.

கல்லறைத் திருநாளன்று, செத்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற ஊர்க் கல்லறைக்குப் போன இடத்தில் ஞானசெல்வி கேட்டாள். "ஆத்தா, எங்கய்யா மூஞ்சி எப்படி இருக்கும்?"

வியாகுலமேரி நாத்தனாரைப் பார்த்தாள். "மதினி, நீங்க சொல்லுங்க. எனக்கு அவுக முகம் வரவே மாட்டேங்குது."

செபஸ்தியம்மாள் கையிலிருந்த மெழுகுவர்த்தியை மண்ணில் ஊன்றினாள். "எனக்கு மட்டும் வருதாக்கும்? பால்பல்லு விழுந்த சின்னப்பய மூஞ்சிதான் வருது. மலைக்குப் போறப்ப வாசல்ல நின்னு பாத்தேன். அப்பவும் எனக்கு அந்தச் சின்னப்பயதான் தெரிஞ்சான். மீசை மொளைச்சவன நான் பாக்கவே இல்லத்தா." பிறகு, "ஒன்னையக் குனி குனின்னு வெரட்டுனவளும் நான்தானே" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

இனி அந்த முகத்தை யாரிடம் போய்க் கேட்பது? வியாகுலமேரிக்கு அன்றைக்குத்தான் புருஷன் செத்துப்போனான்.

மகள் சேலையைப் பிடித்து இழுத்தாள். வியாகுலமேரி மண்ணில் உட்கார்ந்து, மகளின் பாதத்தை மடியில் எடுத்து வைத்துத் தூசியைத் துடைத்தாள். கட்டைவிரல் விலகி நின்றது. சுண்டுவிரல் அடுத்த விரல்மேல் ஏறிக் கிடந்தது. குனிந்து குனிந்து அவள் அவனிடம் பார்த்திருந்தது இந்தப் பாதத்தைத்தான். இது மட்டும் மறக்கவில்லை.

"இந்தா பாரு, இதுதான் ஒங்கய்யா."

குழந்தை வெகுநேரம் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தது.