ஏமஸைக் கரை சேர்த்த கெசையா

எங்கள் சாலோவிக் கிராமத்தில் சந்தைத் தெரு எங்கே என்று கேட்டால் கடலைத்தான் கைகாட்டுவோம். குளிர்காலம்தோறும் மண்மேடு சரிந்து சரிந்து, எங்கள் முப்பாட்டன்மார் காலத்திலேயே துறைமுகமும் மூன்று தேவாலயங்களும் தண்ணீருக்குள் போய்விட்டன. இன்றும் அந்தக் கற்களில் வலை சிக்கிக் கிழியும். மிஞ்சியது மேட்டின்மேல் நின்ற ஒரே ஒரு தேவாலயம். அதன் கல்லறைத் தோட்டத்தில், கடலைப் பார்த்த ஓரத்தில், கெசையாவின் கணவர் ஏமஸைப் புதைத்திருந்தோம்.

கெசையா தர்லோ என் பக்கத்து வீட்டுக்காரி. மீன் கிழித்து உப்பிடும் வேலை செய்தாள். அவள் வாய்க்கு ஊரே பயப்படும். அவளோ கடல் ஒன்றுக்குத்தான் பயந்தாள். ஏமஸின் படகு கவிழ்ந்தபோது, பல நாள் வைத்திருந்துவிட்டுத்தான் கடல் அவர் உடலைத் திருப்பித் தந்தது. அதன்பின் அவள் தண்ணீரில் கால் நனைக்கவில்லை.

ஒரு ஜனவரிப் புயலுக்கு மறுநாள் காலை, ஒதுங்கிய விறகு பொறுக்க நாங்கள் இருவரும் மேட்டடிக்குப் போனோம். தற்செயலாக அண்ணாந்து பார்த்தேன். சரிந்த மண்சுவரிலிருந்து ஒரு சவப்பெட்டியின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே, வேர்களைப் போல, கால் எலும்புகள்.

கெசையா என் கையை நகம் பதியப் பிடித்தாள். "அது கிழவர் பாசெட்டோட பெட்டி. அடுத்தது எங்க வீட்டுக்காருதான்டி. குடுத்தத கடல் திரும்பக் கேக்குது."

நேராகப் போதகரிடம் ஓடினோம்.

"பேராயர் அனுமதி இல்லாம கல்லறையத் தோண்டக் கூடாதும்மா. ஈஸ்டருக்குள்ள வாங்கிடலாம்" என்றார் அவர்.

"அதுவரைக்கும் கடல் பொறுத்துக்குமாய்யா? நீங்க சொன்னா கேக்குமா?"

அவர் பேராயருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

கல்லறை வெட்டும் ஜேபஸும் முதலில் மறுத்தான். "எனக்குப் புதைக்கத்தான் தெரியும் கெசையா. எழுப்புற வேலை இயேசுவோடது."

"அப்ப மண்வெட்டியக் குடுத்துட்டு வீட்ல போய்க் கம்பளி பின்னு!"

முணுமுணுத்துக்கொண்டே வந்தான். கெசையாவின் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை மரத்தில் சுற்றி நான் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு அலை மோதும்போதும் காலடி மண் அதிர்ந்தது. அவளும் ஜேபஸும் தோண்டிக்கொண்டே இருந்தார்கள். பெட்டி தெரிந்த நேரத்தில், எனக்கும் அவர்களுக்கும் நடுவே புல்லில் ஒரு விரிசல் ஓடியது. முதலில் நூல் மாதிரி; பிறகு என் உள்ளங்கை நுழையும் அளவுக்கு.

"விட்டுட்டு வாங்க!" என்று அலறினேன்.

ஜேபஸ் இந்தப் பக்கம் தாவிவிட்டான். கெசையா அசையவில்லை. அவள் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. பற்கள் தந்தியடிப்பது எனக்குக் கேட்டது. அப்படியே தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துப் பெட்டியின் கைப்பிடியில் மாட்டி, "இழுங்க!" என்றாள். இழுத்தோம். பெட்டி விரிசலைத் தாண்டியதும் அவளும் அதன்மேல் விழுந்து வந்தாள். அவள் நின்றிருந்த இடம் சத்தமே இல்லாமல் இறங்கிப் போனது. சத்தம் பிறகுதான், கீழேயிருந்து வந்தது.

வண்டியில் ஏற்றி, கடல் கண்ணுக்கே தெரியாத உள்பகுதிக் கிராமம் ஒன்றில் ஏமஸை மறுபடி புதைத்தோம். அனுமதி இல்லைதான். ஆனாலும் போதகர் குதிரையேறி வந்து, யாரும் கேட்காமலே ஜெபம் சொன்னார்.

கெசையா அங்கேயே ஒரு பண்ணையில் பால் கறக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். பயம் மட்டும் போகவில்லை. நான் பார்க்கப் போகும்போதெல்லாம், உட்காரச் சொல்வதற்கு முன்பே, "எதுவரைக்கும் வந்திருச்சு?" என்பாள். தேவாலயக் கோபுரம் விழுந்ததைச் சொன்னேன். பள்ளிக்கூடம் போனதைச் சொன்னேன்.

ஒரு மார்ச் மாதம் போனபோது அவள் எதுவும் கேட்கவில்லை. என் கையிலிருந்த மூட்டை முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள வாடி," என்றாள். "கட்டில் அகலம்தான்."