நசீர் கட்டிவிட்ட வயர்

நசீரின் கராஜ் பூட்டியிருந்தது. பத்து மணிக்கு வரச் சொன்னவனே அவன்தான். ஆரையம்பதியில் மீன்பெட்டிகளை இறக்கிவிட்டு நேரே காத்தான்குடிக்கு வானை ஓட்டி வந்திருந்தேன். பக்கத்து டயர்க் கடைக்காரர் எழுந்து வந்து, "நசீர் விடிய மௌத்தாகிட்டான். நெஞ்சுவலி" என்றார். நான் சிரித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சிரித்தேன். முதல்நாள் பின்நேரம் என் வானுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் எப்படிச் சாவான்? அன்று பகலே ஜனாஸாவை அடக்கிவிட்டார்கள். நானும் போய் நின்றேன். இன்னமும் நம்ப முடியவில்லை.

'அவர்' என்று எழுதக் கை வரவில்லை, இருபது வருடச் சினேகம். வாகனத்தின் கரண்ட் வேலைக்கு அவனிடம் போன உங்களுக்கெல்லாம் தெரியும், மீற்றர் வைத்துப் பார்க்காமல் ஒரு சாமானும் மாற்ற மாட்டான். அந்த மீற்றரையும் வாகனக்காரரின் கையிலேயே கொடுத்து, இலக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்வான். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் "பன்னிரண்டு தசம் நாலு" என்று முதலாம் வகுப்புப் பிள்ளைபோல் வாசித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

என் கிழட்டு வானில் சார்ஜ் ஏறவில்லை. கண்டவர் பேச்சைக் கேட்டு ஒரே வருடத்தில் இரண்டு பற்றரி மாற்றியிருந்தேன். எஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் ஓல்டனேட்டரையும் மாற்றச் சொல்லித்தான் அவன் சாவதற்கு முதல்நாள் போனேன். நசீர் எஞ்சினை ஓடவிட்டு மீற்றரைத் தந்தான். ஓல்டனேட்டரில் பதினாலு தசம் மூன்று வோல்ட், பற்றரியில் பன்னிரண்டு தசம் ஆறு.

"அங்க உண்டாகிறது இங்க வந்து சேரல்ல மச்சான். வழியிலதான் களவு" என்றான்.

பொசிட்டிவ் பக்க வயரில் குறையில்லை. எஞ்சினிலிருந்து பற்றரியின் நெகட்டிவுக்கு வரும் வழியில்தான் அந்த ஒன்று தசம் ஏழும் தொலைந்துகொண்டிருந்தது. மீன்பெட்டிகளிலிருந்து வடிந்த உப்புத்தண்ணீரில் அங்கிருந்த எர்த் வயரின் முனை பச்சை பூத்து அரித்துப் போயிருந்தது. வாயில்லாத பற்றரியில் பழியைப் போட்டுவிட்டேனாம். நன்றாகத் திட்டினான்.

தற்காலிகமாக வேறொரு வயரைக் கட்டிவிட்டு வெளியே வந்தபோது அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. கவிழ்த்த பெட்டியொன்றில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவினான். என்னவென்று கேட்டேன்.

"வாயு மச்சான். பகல் சாப்பிடல்ல."

நானும் அப்படித்தான் இருக்கும் என்றேன். ஆஸ்பத்திரி ஐந்து நிமிட ஓட்டம். வான் எஞ்சின்கூட ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் எதிர்த் தேத்தண்ணிக் கடையில் இஞ்சி பிளேன்டி வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இது சும்மா கட்டினது. நாளைக்குப் பத்து மணிக்கு வா, நல்ல வயராப் போட்டுத் தாறன்" என்றான்.

ஒரு பற்றரியை அளக்காமல் மாற்றாதவன், தன் நெஞ்சுவலியை ஒரு சொல்லில் தீர்த்துவிட்டான். அவன்மேல் கோபம் வருகிறது. என்மேல் அதைவிட அதிகமாக வருகிறது.

அவன் கட்டிய வயர் அப்படியே இருக்கிறது. இன்று காலையும் மீற்றர் வைத்து, பதினாலு தசம் ஒன்று என்று சத்தமாக வாசித்தேன். இனி என் முன்னால் யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாயு என்று சொன்னால், பிளேன்டி வாங்கப் போகமாட்டேன். வானில் ஏற்றுவேன். அது இப்போது முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆகிறது.