நாற்பதில் தேய்ந்த இடம்

எங்கள் வீட்டில் காரைத் தப்பாக ஓட்டினால் எண்ணுவோம். ஆரம்பித்து வைத்தவர் நைனா, எங்கள் அப்பா. ஒரு கம்பெனியில் அதிகாரிகளுக்கு வண்டி ஓட்டியே ஓய்வு பெற்றவர். அண்ணன் ஓட்டப் பழகியபோது பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்வார். கிளட்சை விடும்போது வண்டி குலுங்கினால் "ஒண்ணு" என்பார். கியர் கரகரத்தால் "ரெண்டு." திட்டமாட்டார், எண் மட்டும்தான். கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரி போவதற்குள் ஒருநாள் பத்தொன்பது ஆகிவிட்டது. சந்தை வாசலில் இறங்கியதும், நாலு பேர் திரும்பிப் பார்க்க, "காலாடா அது? உலக்கை" என்றார். அண்ணன் அந்தச் சொல்லை மறக்கவில்லை. பத்திரமாக வைத்திருந்தான்.

போன வருடம் அதைத் திருப்பிக் கொடுக்க அவனுக்கு வாய்ப்பு வந்தது. கார் பழையது. வாங்கிய நாளிலிருந்து பெரும்பாலும் நைனாதான் ஓட்டிவந்தார். நெடுஞ்சாலையிலும் நாற்பதைத் தாண்டமாட்டார். அந்தக் கார் அவர் ஓட்டும்போது திடீரென்று வெட்டி இழுக்கத் தொடங்கியது. யாரோ பின்னாலிருந்து பிடித்து நிறுத்திவிட்டு உடனே விட்டதுபோல் இருக்கும். அம்மாவின் தலை முன்சீட்டில் முட்டியது.

"ஒண்ணு, நைனா" என்றான் அண்ணன் பின்னாலிருந்து.

"வண்டிடா. வண்டி இழுக்குது."

"நான் ஓட்டினா மட்டும் ஏன் இழுக்கல? ரெண்டு."

அதுதான் சிக்கல். அண்ணன் ஓட்டினால் ஒன்றும் ஆகாது. மெக்கானிக் ஓட்டிப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. பிளக் மாற்றினார், பில்டர் மாற்றினார். நைனா உட்கார்ந்ததும் மறுபடி வெட்டியது. அவருக்குச் சர்க்கரை உண்டு. பாதம் மரத்துப்போகிறது என்று டாக்டரிடம் ஒருமுறை சொன்னதை அம்மா இப்போது எடுத்தாள். "காலு நடுங்குது உனுக்கு. ஒத்துக்கயேன். யாரையாவது ஏத்தினு போய் இடிச்சிட்டா இன்னா பண்ணுவ?"

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தெருவில் பிரசவ வலி வந்தாலும் கல்யாணம் என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதைத் தவிர அவரிடம் வேறு ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

தீர்ப்புச் சொன்னது இளைய மகளான நான்தான். டிப்ளமோ முடித்து, தொழிற்பேட்டையில் ஓர் இரும்பாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை பார்க்கிறேன். எதையும் பட்டியல் போட்டுத்தான் யோசிப்பேன். ஒரே சாலை, ஒரே தூரம், ஆளுக்குப் பத்து முறை. அண்ணன்: பூஜ்யம். நான்: பூஜ்யம். நைனா: பத்தில் ஒன்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும், அம்மா, அண்ணன் முன்னால் அதை வாசித்தேன். "கோளாறு ஓட்டுபவரைச் சார்ந்து மாறுகிறது" என்று எழுதியிருந்தேன். அப்படியே படித்தேன்.

நைனா எழுந்தார். சாவியைத் தட்டின் பக்கத்தில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அண்ணன் சிரித்தான். எனக்கும் உள்ளே ஒரு திருப்தி இருந்தது. சாவியை நான் எடுத்துக்கொண்டேன். ஷிப்டுக்குப் போக வண்டி தேவைப்பட்டது.

அதன்பின் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலைச் செருப்பின் மேல் வைத்து மெல்ல அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்திப் பார்த்துக்கொண்டிருப்பார். நடுங்குகிறதா என்று தேடினார். பல மாதங்கள் தேடினார்.

மார்கழியில் ஒரு காலை. வயல்மேல் பனி இறங்கி, சாலையில் முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. அதன் பின்னால் நாற்பதில் ஊர்ந்தேன். வண்டி வெட்டியது. மறுபடி வெட்டியது. என் காலைத்தான் முதலில் பார்த்தேன்.

தொழிற்சாலை வாசலுக்குள் ஆறு முறை ஆகிவிட்டது. வண்டியை நிறுத்தியபோது என் பட்டியலில் இல்லாத கட்டம் கண்ணுக்குத் தெரிந்தது: வேகம். அண்ணன் பறப்பவன். நான் எப்போதும் ஷிப்டுக்குத் தாமதம். ஆளை மாற்றியபோது வேகமும் கூடவே மாறியிருக்கிறது. ஆலையில் வேலை பழகும் ஒருவர் இப்படிச் சோதனை செய்திருந்தால் தாளைக் கிழித்து அவர் கையில் கொடுத்திருப்பேன்.

விடுமுறை நாளில் பானட்டைத் திறந்தேன். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதை எஞ்சினின் கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு சின்ன சென்சார் இருக்கிறது. மீட்டரை இணைத்து, எஞ்சினுக்குக் காற்றை விடும் த்ராட்டிலைக் கையால் மெதுவாகத் திறந்தேன். முள் சீராக ஏறியது. ஓரிடத்தில் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. தாண்டியதும் மறுபடி ஏறியது. அந்த இடத்தில் காலை எடுத்துவிட்டதாக எஞ்சின் நினைத்துக்கொள்கிறது. வேகமாகத் திறந்தால் அந்த இடம் தெரியவே இல்லை.

சென்சாரைப் பிடித்திருந்தது இரண்டே ஸ்க்ரூ. ஒன்று துருப்பிடித்து, எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தபின்தான் அசைந்தது. புதியதைப் பொருத்தி, த்ராட்டில் மூடிய நிலையில் மீட்டர் சரியான அளவு காட்டும்வரை திருப்பி, இறுக்கினேன். பழையதை உடைத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு கறுப்புத் தடம், அதன்மேல் உரசிப் போகும் ஒரு மெல்லிய தகடு. தடம் முழுவதும் பளபளப்பாக இருந்தது. ஒரே ஒரு இடத்தில், நகக்கண் அகலத்துக்கு, கறுப்பு போய் அடிப்பலகை தெரிந்தது. கால் நடுங்கியிருந்தால் தேய்மானம் பரவியிருக்கும். வருடக்கணக்காக ஒரு மயிரிழை ஏறாமல் இறங்காமல் ஒரே அளவில் நின்ற கால் போட்ட பள்ளம் அது.

நைனாவிடம் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும்தானே படிச்ச?"

"ஆமா, நைனா."

"இன்னிக்கும் எல்லார் முன்னாடியும் படி."

படித்தேன். அதேபோல ஒரு ஞாயிறு, அதே தட்டுகள். அண்ணன் கடைசிவரை கேட்டான். "சரி, வண்டி சரியாச்சு. காலு சரியாச்சா?" என்றான். அம்மா, "எதுக்கு இப்போ கிளறுற? நிம்மதியாத்தானே கீறோம்" என்றாள். நைனா என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

நால்வரும் பொன்னேரி போய் வந்தோம். அவர் நாற்பதில் ஓட்டினார். வண்டி ஒருமுறைகூட வெட்டவில்லை. அண்ணன் எண்ணத் தயாராக முன்னால் சாய்ந்தே இருந்தான். திரும்பும்போது அலுத்துப்போய் போனை எடுத்தான். அம்மா தூங்கிவிட்டாள். வெகுநாள் கழித்து அந்தக் காரில் அவள் தூங்கினாள். நான் முன்சீட்டில் மடியில் நோட்டு வைத்திருந்தேன். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பூஜ்யம். நைனாவின் தோள்கள் மெல்ல இறங்கி, பழைய இடத்துக்கு வந்திருந்தன.

எங்கள் கேட்டுக்கு முன்னால் திருப்பும்போது அம்மா விழித்து, "பாத்து, பாத்து!" என்று கத்தினாள். அவர் திடுக்கிட்டுக் கிளட்சை விட்டார். வண்டி ஒரு குதி குதித்து நின்றுபோனது.

"ஒண்ணு."

சொன்னது அண்ணன் இல்லை. அவன் இன்னும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வழி முழுவதும் எண்ணிக்கொண்டே வந்த என் வாயிலிருந்து அது வந்தது.

நைனா சாவியை உருவினார். நிதானமாக என் நோட்டின் மேல் வைத்தார். "எழுதிக்கோ" என்றார். இறங்கி, கேட்டைத் தானே தள்ளித் திறந்து உள்ளே போனார்.

நான் எழுதவில்லை. ஆனால் சாவி என் பையில்தான் இருக்கிறது. அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. பொன்னேரிக்கு இப்போது ரயிலில் போகிறார். சில காலைகளில் ஸ்டேஷனுக்கு நடந்துபோகிறவரை வழியில் பார்ப்பேன். வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்குவேன்.

"நீ போம்மா, லேட்டாயிடும்" என்பார்.

லேட்டாகத்தான் இருக்கும். போய்விடுவேன்.