ஸ்கேனுக்கு முன்னால் வீராம்பட்டினத்தில் இறங்காதீர்கள்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஸ்கேன் எடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரெஞ்சு வீதிகளில் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு ஏற்கெனவே ஆயிரம் பதிவுகள் இருக்கின்றன.

அம்மாவுக்கு ரத்தப் புற்றுநோயின் ஆரம்ப நிலை. சிலருக்கு இது பல வருடம் அப்படியே கிடக்கும், சிலருக்குச் சீக்கிரம் முற்றும் என்றார் டாக்டர். அம்மா எந்தப் பக்கம் என்று ஓரளவு கணிக்க, உடல் முழுக்க ஒரு பெட் (PET) ஸ்கேன். எலும்பில் புள்ளிகள் தெரிந்தால் உடனே சிகிச்சை, இல்லையென்றால் காத்திருக்கலாம். எங்கள் ஊர்ப் பக்கம் அந்த மிஷின் இல்லை. ஆலைப் புகை மட்டும் வேளை தவறாமல் வருகிறது.

ஆடி வெள்ளி காலை ஆறரைக்குப் பேருந்து ஏறினோம். இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை, ஒரு மணி நேரம். பதினோரு மணிக்கு ஸ்கேன். நோணாங்குப்பம் படகுத் துறையில் சுற்றுலா வந்தவர்கள் கூட்டம் அப்போதே. அரியாங்குப்பம் வந்ததும் அம்மா எழுந்துவிட்டார்.

"அம்மன பாத்துட்டுப் போலாம்டா. நேரம் கெடக்குது."

அங்கிருந்து வீராம்பட்டினம் அம்மன் கோயிலுக்கு ஆட்டோ எண்பது ரூபாய். "தேருக்குக் கூட்டம் தம்பி, உள்ள வண்டி போவாது" என்று ஓட்டுநர் தூரத்திலேயே இறக்கிவிட்டார். எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை. அம்மா வரிசைக்குப் போனார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தேன்.

ஸ்கேன் மையத்தில் விரலில் குத்திப் பார்த்த நர்ஸ் நிமிர்ந்தார். அம்மாவுக்கு ஏற்கெனவே சர்க்கரை நோய் உண்டு; அன்று இருநூறைத் தாண்டியிருந்தது.

"இன்னாம்மா சாப்ட்டீங்க?"

"ஒண்ணும் சாப்புடல."

"டீ, காபி?"

"பச்சத் தண்ணிதான்."

"கோயிலுக்குப் போனீங்களா?"

"ஆமா. கூழு ஊத்துனாங்க. அது பிரசாதம்."

"எத்தினி டம்ளர்?"

"ரெண்டு."

நர்ஸ் சிரிக்கவில்லை. "ஆடி மாசம் பூரா எனக்கு இதே வேலம்மா. அம்மன் ஊத்துனாலும் சர்க்கர ஏறும்."

ஸ்கேனுக்கு முன் போடும் கதிர்வீச்சு ஊசி மருந்து அன்றன்று காலையில்தான் சென்னையிலிருந்து வருகிறது. மாலைக்குள் வீரியம் போய்விடும், சர்க்கரை இறங்கும்வரை வைத்திருக்க முடியாதாம். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். வெறும் வயிற்றோடு வரச் சொல்லி அவர்கள் முன்பே தந்த தாள் முழுக்க ஆங்கிலம். யாருக்காக அச்சடிக்கிறார்கள்? அதை உரக்கவே கேட்டேன்.

திரும்பும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்ததே பெரிது. அரியாங்குப்பம் தாண்டியதும் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கூழு குடிக்கக் கூடாதுன்னு தெரியும்டா."

"அப்புறம் ஏம்மா?"

"வர்றத முன்னாடியே சொல்ற மிஷினாமே. நாலு நாளு தெரியாம இருந்துட்டுப் போறனே."

அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

போகிறவர்களுக்கு: ஆறு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது, பிரசாதமும்தான். சர்க்கரை மாத்திரையை என்ன செய்வதென்று முந்தின நாளே டாக்டரிடம் கேளுங்கள். வீராம்பட்டினத்துக்கு ஸ்கேன் முடிந்து போங்கள். முந்தின இரவு நான் அம்மாவிடம் ஆதார் அட்டை எடுத்தாயா, பழைய ரிப்போர்ட் எடுத்தாயா என்று கேட்டேன். பயமாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. நானும் கேட்க வேண்டும்.