பெயரில்லாத அக்கா

காலையில் வேலைக்குப் போக நான் நிற்கும் பஸ் தரிப்பிடத்தில், எதிர்ப்பக்கமாகப் போகும் பஸ் ஒன்றின் நெற்றியில் எங்கள் தோட்டத்தின் பெயர் மஞ்சள் எழுத்தில் ஓடும். இலங்கை மலையகத்தில் ராகலைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏதோ ஒரு காலத்து வெள்ளைக்காரத் துரை தன் ஊர்ப் பெயரை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஊர் ஸ்கொட்லாந்தில், நான் வேலை செய்யும் சிறு நகரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் மொய்ரா, நான் சேர்ந்த அன்று எந்த ஊர் என்று கேட்டாள். கண்டிப் பக்கம் என்று சொல்லியிருக்கலாம். பழக்கதோஷத்தில் தோட்டத்தின் பெயரைச் சொல்லிவிட்டேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். தன் சித்தியும் அங்கேதான் இருக்கிறாள், நீ எந்தத் தெரு என்றாள். தெரு இல்லை, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயம் என்று எப்படிச் சொல்வது? சிரித்து வைத்தேன். நான் அந்த ஊரில் பிறந்தவள் என்று அவள் கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

மொய்ராதான் என்னை நூலகத்து வாசகர் வட்டத்துக்கு இழுத்துப் போனவள். இங்கிலீஷ் பேச்சு திருந்தும் என்றாள். வருகிறவர்கள் பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். தேநீரும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு ஒரு கதைப் புத்தகத்துக்காக அவர்கள் காரசாரமாக வாதாடுவது எனக்குப் புதுமையாக இருந்தது. எங்கள் பக்கத்தில் வயது வந்தவர்கள் அப்படி வாதாடுவது தேர்தலுக்கும் கோயில் திருவிழாவுக்கும்தான். ஒரு முறை அவர்கள் எடுத்துக்கொண்டது, இந்த நாட்டில் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்தாக வேண்டிய பழைய நாவல். மீன்பிடி ஊரில் பிறந்த பெண்ணொருத்தி வளர்ந்து, படித்து, பட்டணம் போகும் கதை. இளம் வயதுக்காரர்களுக்கான இந்தக் கதையை வளர்ந்த பிறகு படிப்பதில் பயன் இருக்கிறதா என்பதுதான் பேச வேண்டிய விஷயம். பயன் இல்லை என்று மொய்ரா படிக்காமலே சொல்லிவிட்டாள்.

நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, அரிசியை உலையில் போட்டுவிட்டுப் படிக்கத் தொடங்கினேன். கப்பல் துறையில் உப்புப் பீப்பாய்களுக்குப் பின்னால் அந்தப் பெண் ஒளிந்திருந்து பாடப்புத்தகம் படிக்கும் இடம் வந்தது. எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். இந்தக் கதை எனக்குத் தெரியும். முடிவு மட்டும் தெரியாது.

ராகலை டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியை நாங்கள் எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். சாமான் சுற்றிக் கொடுப்பதற்குப் பழைய பேப்பரும் புத்தகமும் நிறுத்து வாங்கி வைத்திருப்பார். எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, அந்தக் கட்டுக்குள் அட்டை இல்லாத தமிழ்ப் புத்தகம் ஒன்று கண்ணில் பட்டது. யாரோ இங்கிலீஷிலிருந்து சுருக்கி மொழிபெயர்த்தது. கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டார். "கடைசியில கொஞ்சம் சீனி சுத்திக் குடுத்துட்டேன் புள்ள. மிச்சத்தக் கொண்டு போ" என்றார்.

அக்கா பரமேஸ் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஒரே போர்வைக்குள் உட்கார்ந்துகொண்டு மாறி மாறி வாய்விட்டுப் படித்தோம். மழை பிடித்துவிட்டால் தகரக் கூரைச் சத்தத்துக்கு மேலே கத்திப் படிக்க வேண்டும். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டுவார்கள். கதையில் அந்த மீன்பிடி ஊர்ப் பெண் பட்டணத்தில் வாத்தியார் வேலை பார்க்கிறாள். ஒரு நாள் விடிகாலையில் பெட்டியோடு ரயில் நிலையத்துக்குள் நுழைகிறாள். அவ்வளவுதான், புத்தகம் அங்கே முடிந்துவிட்டது. எந்த ரயிலில் ஏறினாள் என்பது நானா கடைச் சீனியோடு யார் வீட்டுக்கோ போய்விட்டது. இன்னும் தூரத்துக்குத்தான் போயிருப்பாள் என்றேன் நான். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "இல்லடி, அவ வீட்டுக்குத்தான் போவா" என்றாள். அதற்காக நாங்கள் பேசாமல்கூட இருந்திருக்கிறோம்.

அடுத்த வருடம் அப்பா படுக்கையில் விழுந்தார். வீட்டிலிருந்து ஒருவர் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்தாக வேண்டும். மூத்தவள் போவதுதான் வழக்கம். அதைப் பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை. அக்கா கொழுந்து பறிக்கப் போனாள், நான் பள்ளிக்கூடம் போனேன். பிறகு தாதியர் பயிற்சி, கொழும்பில் வேலை, கடைசியாக இந்தக் குளிர் தேசம். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது.

இப்போது முழுப் புத்தகத்தையும் படிக்கும்போது அந்தப் பெண் எனக்கு எரிச்சலூட்டினாள். மழை பெய்தாலும் தனக்காகப் பெய்கிறது என்று நினைக்கிறவள். பதினைந்து வயதில் அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நான் மனப்பாடம் செய்திருந்தேன். இப்போதோ என் கண் வேறொருத்தியைத் தேடியது. அவளுக்கு ஓர் அக்கா உண்டு, துறையில் மீன் குடல் எடுக்கிறவள். எப்போதோ ஒரு பக்கத்தில் வந்து ஒரு வாக்கியம் பேசிவிட்டுப் போவாள். கடைசி அத்தியாயத்தில் தங்கை ஊருக்கு ரயில் ஏறுகிறாள். எங்கள் அக்கா சொன்னதுதான் சரி. நேராகத் துறைக்குப் போகிறாள். அக்காக்காரி நிமிர்ந்து பார்த்து, வந்துவிட்டாயா என்று கேட்டு, ஒரு கத்தியைக் கொடுக்கிறாள். தங்கைக்குக் கை வரவில்லை. அக்கா கத்தியைத் திருப்பி வாங்கிக்கொள்கிறாள். மறுநாள் தங்கை பட்டணத்துக்குத் திரும்பிப் போகிறாள். கதை முடிகிறது.

வாசகர் வட்டத்தில் பலருக்கு அந்த முடிவு சப்பென்று இருந்ததாம். வளர்ந்தவர்கள் படிக்க இதில் ஒன்றுமில்லை என்று தீர்ப்பாகிவிடும் போலிருந்தது. என் முறை வந்தபோது, எனக்கு அந்த அக்காவைத் தெரியும் என்றேன். உங்கள் குடும்பமும் மீன்பிடிக் குடும்பமா என்று ஒருவர் ஆவலாகக் கேட்டார். இல்லை, என் அக்கா தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள் என்றேன். அதைக் கேட்டு எல்லார் முகமும் மலர்ந்துவிட்டது. தான் சிறு வயதில் கோடை விடுமுறையில் ஸ்ட்ரோபெரி பறித்ததை ஓர் அம்மா நினைவுகூர்ந்தார். நல்ல மனுஷிதான். அவரிடம் நான் என்னத்தைச் சொல்வது? படிக்கலாம், கட்டாயம் படிக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு போன் எடுத்தேன். அந்தப் புத்தகம் கிடைத்தது, அவள் வீட்டுக்குத்தான் போனாள் என்றேன். எந்தப் புத்தகம் என்றுகூட அக்கா கேட்கவில்லை. அங்கேயே இருந்துவிட்டாளா என்று கேட்டாள். மறுநாளே போய்விட்டாள் என்றேன்.

"அப்ப நீ சொன்னதும் சரிதான்" என்றாள்.

நெடுநாளாக நான் நம்பி வந்த ஒன்றை அப்போதுதான் கேட்டேன். மீன் வெட்டுகிற அக்கா மேல் இரக்கப்பட்டுத்தானே அவள் திரும்பி வருவாள் என்று சொன்னாய், உன்னை அந்த அக்காவாக நினைத்துத்தானே படித்தாய் என்றேன். அக்கா சிரித்தாள்.

"அட போடி. அவள நெனச்சு யாராவது படிப்பாங்களா? நானும் டவுனுக்குப் போறவளத்தான் நெனச்சுப் படிச்சேன். நா போயிருந்தா திரும்பி வந்திருப்பேன். அதான் அப்பிடிச் சொன்னேன்."

ஒரே போர்வைக்குள் இருந்துகொண்டு நாங்கள் இரண்டு பேருமே ஊரைவிட்டுப் போயிருக்கிறோம். அது எனக்குத் தெரியவே இல்லை.

அக்கா அதற்குள் வேறு பேச்சுக்குப் போயிருந்தாள். லயத்துக்குப் பதிலாகத் தனிவீடு கட்ட ஒரு துண்டு நிலம் கிடைத்திருந்தது, அத்திவாரம் போடப் போகிறார்கள். எத்தனை அறை என்று வீடு கட்டுகிற மேசன் பாஸ் கேட்கிறாராம்.

"ஒனக்கு ஒரு அறை போடவா, வேணாமா? வரமாட்டேன்னா சொல்லிடு, நா கோவிச்சுக்க மாட்டேன். அந்த எடத்துல கெழங்காவது வெக்கலாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

சித்திரை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது புத்தகத்தையும் கொண்டுபோனேன். வேலை முடிந்து வந்த அக்கா, விரல்களில் ஏறிய கொழுந்துக் கறையை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவிவிட்டு, ரொட்டிக்கு மாவு பிசைய உட்கார்ந்தாள். நான் கடைசி அத்தியாயத்தைப் படித்துப் படித்துத் தமிழில் சொன்னேன். கத்தி வரும் இடத்தில் பிசைவது நின்றது. பிறகு மறுபடி தொடர்ந்தது. முடிந்ததும், அந்த அக்காவோட பேரு என்ன என்று கேட்டாள். சொல்லப் போன நான் நின்றுவிட்டேன். முன்னும் பின்னும் புரட்டித் தேடினேன். தங்கைக்கு முழுப்பெயர் இருக்கிறது. நாய்க்குக்கூடப் பெயர் இருக்கிறது. அக்கா புத்தகம் முழுக்க அக்காதான்.

"வெக்க மறந்துட்டாங்க போல" என்றாள் அக்கா.

இரண்டு முறை படித்தும் எனக்கு அது தட்டுப்படவில்லை. வளர்ந்த பிறகு படிப்பது பயனா என்று இனி யாராவது கேட்டால், பயன்தான், ஆனால் தனியாகப் படிக்க வேண்டாம் என்று சொல்வேன்.

அடுத்த நாள் காலை மேசன் பாஸ் நூல் பிடித்துக்கொண்டிருந்தபோது, எனக்கும் ஓர் அறை போடு என்று அக்காவிடம் சொன்னேன். போடுகிறேன், ஆனால் நீ இல்லாத நேரத்தில் கிழங்கு மூட்டை அங்கேதான் இருக்கும், வந்து முறைக்கக் கூடாது என்றாள். சம்மதித்தேன்.

போன வாரம் அக்கா வீடியோ அழைப்பில் அந்த அறையைக் காட்டினாள். சுவர் பூசி முடிந்து, ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டிருந்தார்கள். ஒரு மூலையில் இரண்டு மூட்டைகள். என்ன நிறம் அடிப்பது என்று கேட்டு, பெயிண்ட் கடை அட்டையைச் சுவரில் வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். இளநீலம் என்றேன். அதில் வருடத்துக்கு மூன்று வாரமாவது நான் தூங்குவேனா, தெரியாது. நான் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது இங்கே என் வாடகை அறையில். வருடம் முழுவதும் தூங்குவது இதில்தான். ஆனால் இதன் வெள்ளைச் சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட எனக்கு அனுமதி இல்லை. இளநீலம் சீக்கிரம் அழுக்காகும் என்றாள் அக்கா. பரவாயில்லை, அதையே அடி என்றேன்.